நிலா ரிஷபத்தைக் கடக்கட்டும் என்றார்கள்

சிவகங்கையில் விடைத்தாள் திருத்தும் முகாம். ஏப்ரல் வெயில். மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறக்காமல் இருக்க, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலைக் கட்டின் மேல் வைத்திருந்தோம். பாட்டில் வியர்த்து, தாளெல்லாம் வட்டம் வட்டமாக ஈரம்.

அப்போது பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு இருந்தது. நான் இயற்பியல் ஆசிரியை. அன்றைக்கு எனக்கு வந்த விடைத்தாள் கட்டில் ஒரு கேள்வி: செயற்கைக்கோள் பூமியின் மேல் விழாமல் சுற்றுவது ஏன்?

எல்லாப் பிள்ளைகளும் நோட்ஸில் உள்ள அதே நாலு வரியை எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு பிள்ளை மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தது. 'அது விழுந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் பக்கவாட்டில் மிக வேகமாகப் போவதால், அது விழ விழ பூமியும் வளைந்து விலகிவிடுகிறது. அதனால் தரை தட்டுவதில்லை.' எழுத்து கோழி கிளறியது போல இருந்தது. நான் முழு மதிப்பெண் போட்டேன்.

மேசைக்குப் பொறுப்பான தேர்வாளர் எட்டிப் பார்த்தார். "என்ன டீச்சர், கீயில இல்லாததுக்கெல்லாம் மார்க்கை வாரி விடுறீக?"

கீயில், அதாவது திருத்துவதற்குக் கொடுத்த விடைக்குறிப்பில், இருப்பதைவிட இது சரி என்றேன். கொஞ்ச நேரம் வாதாடினேன். அவர் கையை விரித்துவிட்டார். "சரி, உங்க செயற்கைக்கோள் விழுந்துக்கிட்டே இருக்கட்டும். எனக்குச் சாயங்காலத்துக்குள்ள கட்டு முடிஞ்சாப் போதும்."

அந்த மதியம் முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முகம் தெரியாத ஒரு பிள்ளைக்கு நிலாவும் செயற்கைக்கோளும் புரிந்துவிட்டன என்ற சந்தோஷம்.

அதே நேரத்தில் காரைக்குடியில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் மகள் இனியா வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். குடல்வால் வீங்கியிருக்கிறது, இன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் காலையிலேயே சொல்லியாயிற்று. எடுக்கவில்லை. ஏனென்றால் நிலா ரிஷப ராசியில் இருந்தது.

இந்தத் தொடரைப் படித்துச் சிரித்ததாகத்தான் இதுவரை வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். இந்த வாரம் சிரிக்க எதுவும் இருக்காது. இதை அடித்து அடித்துத்தான் எழுதுகிறேன். பயத்தில் பாதி, கோபத்தில் பாதி.

காலையில் கிழிக்கும் தாள்

என் மாமனார் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கெட்ட மனிதர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குக் கோபப்படுவது சுலபமாக இருந்திருக்கும்.

காலையில் எழுந்ததும் அவர் செய்யும் முதல் வேலை நாள்காட்டித் தாளைக் கிழிப்பது. கிழித்த தாளின் அடியில் 'சந்திராஷ்டமம்' என்று போட்டு ஒரு ராசியின் பெயர் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வீட்டில் யாருக்கு அந்த ராசியோ அவரை எச்சரிப்பார். "இன்னைக்கு உனக்குடா. மில்லுக்காரன்கிட்ட வாயக் குடுக்காத." இது என் வீட்டுக்காரருக்கு. "தாயி, இன்னைக்கு உனக்கு. ஹெச்செம் என்ன சொன்னாலும் சரின்னுட்டு வந்துரு." இது எனக்கு.

நானும் சரி மாமா என்று சிரித்துவிட்டுப் போவேன். சில நாள் அந்த எச்சரிக்கையால் நல்லதுகூட நடந்திருக்கிறது. ஹெச்செம்மிடம் சண்டை போடாமல் இருந்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வானத்தில் நிலா சுற்றிவரும் பாதையைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்து ராசி என்கிறார்கள். நிலா ஒரு முழுச் சுற்று வர இருபத்தேழு நாளும் கொஞ்சமும் ஆகும். ஆகவே ஒரு ராசியைக் கடக்க ஏறக்குறைய இரண்டேகால் நாள். நாம் பிறந்தபோது நிலா எந்தப் பங்கில் இருந்ததோ அது நம் ராசி. அதிலிருந்து எட்டாவது பங்கில் நிலா நிற்கும் இரண்டேகால் நாள் நமக்குச் சந்திராஷ்டமம். மாதம் ஒருமுறை எல்லோருக்கும் வரும். உலகத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு மக்களுக்கு இன்றைக்கும் இருக்கிறது.

பஞ்சாங்கம் கணிப்பவர்களின் கணக்கில் எனக்குக் குறை இல்லை. நிலா ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பூமிக்குக் கிட்ட வரும்போது வேகமாகவும் தள்ளிப் போகும்போது மெதுவாகவும் ஓடும். அந்த ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துத்தான் கணிக்கிறார்கள். நிலா எங்கே இருக்கிறது என்று அவர்கள் சொன்னால் அது அங்கேதான் இருக்கும். அது அங்கே இருந்தால் இங்கே ஒரு பிள்ளையின் வயிற்றைத் திறக்கக் கூடாது என்பதுதான் எந்தக் கணக்கிலும் இல்லாதது.

எறிஞ்சுட்டுக் குனிஞ்சுக்கணும்

வகுப்பில் நான் இதை எப்படிச் சொல்லித் தருவேன் என்றால், எங்கள் மானகிரிப் பக்கம் ஒரு வயலில் நின்று கல்லை எறிவதாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். மெதுவாக எறிந்தால் வரப்பில் விழும். வேகமாக எறிந்தால் ரோட்டைத் தாண்டி விழும். இன்னும் வேகமாக எறிந்தால் காரைக்குடி தாண்டி, கடல் தாண்டி விழும். பூமி உருண்டை. கல் கீழே இறங்க இறங்க, தரையும் வளைந்து கீழே இறங்குகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில், வழியில் காற்றும் தடுக்காவிட்டால், கல் தரையைத் தொடவே தொடாது. உலகத்தைச் சுற்றிவந்து எறிந்தவன் பின்னந்தலையில் அடிக்கும்.

கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்து, "டீச்சர், அப்ப எறிஞ்சுட்டு உடனே குனிஞ்சுக்கணும்" என்றான். வகுப்பே சிரித்தது. நிலா அப்படி ஒரு கல்தான் என்று அந்தச் சிரிப்புக்கு நடுவில் சொல்லிவிட்டால் சாகும்வரை மறக்க மாட்டார்கள்.

மாமனாருக்கும் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை குரு வக்ரம், அதாவது வியாழன் பின்னோக்கிப் போகிறது, அதனால் கடை திறப்பதைத் தள்ளிப்போடச் சொன்னார். என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் எலக்ட்ரீசியனாக இருந்தவர். ஊர் திரும்பிப் புதுவயலில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை போட இருந்தார். அரிசி ஆலைகளில் எந்நேரமும் ஏதாவதொரு மோட்டார் கருகிக்கொண்டிருக்கும். தொழிலுக்குக் குறைவில்லை.

அந்தச் சமயம் நாங்கள் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் ஒரு நெல் லாரி. பஸ் அதை முந்தியது. ஜன்னலைக் காட்டி, "தூரத்துப் பனைமரத்தை வச்சு லாரியைப் பாருங்க மாமா, பின்னாடி போற மாதிரித் தெரியுதா?" என்றேன். தெரிந்தது. லாரி முன்னால்தான் போகிறது, நாம் முந்துவதால் அப்படித் தெரிகிறது, சூரியனுக்குக் கிட்ட ஓடும் பூமி வேகமாக ஓடும், தள்ளி ஓடும் வியாழன் மெதுவாக ஓடும், நாம் முந்தும்போது தெரிவதுதான் வக்ரம் என்றேன்.

அவர் மிகவும் ரசித்தார். பக்கத்து சீட்காரரிடமும் காட்டினார். பிறகு திரும்பி, "நல்லாச் சொன்னே டீச்சரம்மா. ஆனாலும் வக்ரம் வக்ரந்தானே" என்றார்.

பட்டறை தள்ளித்தான் திறந்தது. அன்றைக்கு அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

கைப்பேசி இல்லாத பகல்

முகாமுக்குள் கைப்பேசி கூடாது. காலையில் வாசலிலேயே அணைத்துக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

முந்தின நாள் மாலையே இனியாவுக்கு வயிற்று வலி இருந்தது. தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்றாள். பள்ளிக்கு வெளியே ஏதோ வாங்கித் தின்றிருப்பாள் என்று ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தோம். காலையில் நான் பஸ் ஏறும்போது தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்தும் வலி இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள் என்று அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

காட்டியிருக்கிறார். வலி வலது பக்கத்துக்கு இறங்கியிருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். சர்ஜன் படத்தைப் பார்த்துவிட்டு, இன்றைக்கே பண்ணிவிடலாம், சின்ன ஆபரேஷன்தான் என்றார். என் வீட்டுக்காரர் சரி சொல்லும் முன்பே அந்த சர்ஜனே கேட்டிருக்கிறார், "நாள் எதுவும் பாக்கணுமா?" என்று.

இந்த இடத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். யாரும் கேட்காமலே கேட்டார். பிரசவங்களுக்கு நேரம் குறித்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவர்களுக்கு அது வழக்கமாகிவிட்டது. காசு கட்டும் மேசைக்குப் பின்னால் சாமி படத்துக்குப் பக்கத்தில் நாள்காட்டி தொங்கும். ரத்த அழுத்தம் கேட்பது போல நாளும் கேட்பார்கள்.

இவர் தன் அப்பாவுக்குப் போன் போட்டார். அப்பா அன்று காலை கிழித்த தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தார். நிலா விடியும் முன்புதான் ரிஷபத்துக்குள் நுழைந்திருக்கிறது. சந்திராஷ்டமம்: துலாம். இனியா துலாம்.

ரெண்டு நாள் பொறுப்போம், நிலா ரிஷபத்தைக் கடக்கட்டும் என்றார் மாமனார். சர்ஜன் சற்று யோசித்துவிட்டு, மருந்து ஏற்றிப் பார்ப்போம், வலி கூடினால் உடனே பண்ணிவிடலாம் என்று சம்மதித்தார்.

எனக்குச் சொல்லவில்லை. முகாம் அலுவலகத்துக்குப் போன் செய்தால் யாராவது வந்து சொல்லியிருப்பார்கள். "வேலையில இருந்தே, எதுக்குப் பதற வைக்கணும்னுதான்" என்றார் என் வீட்டுக்காரர் பிறகு.

இனியாவிடம் யாரும் கேட்டார்களா? கேட்கவில்லை. தாத்தாவை அவள் ஐயா என்றுதான் கூப்பிடுவாள். அவளே சொல்லியிருக்கிறாள், வலியோடு: "ஐயா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்ப்பா." கல் எறிந்துவிட்டுக் குனியும் கதையை என்னிடம் ஐந்தாம் வகுப்பிலேயே கேட்டவள். நிலா விழுந்துகொண்டே இருக்கிறது என்று தெரிந்தவள். ஆனால் தினமும் காலையில் அவள் காதில் விழுந்தது என் பாடம் இல்லை, அந்தத் தாள்.

வலி விட்டுருச்சு

சாயங்காலம் கைப்பேசியை வாங்கித் திறந்தபோது இவர் அனுப்பிய குரல் செய்தி மட்டும் இருந்தது. பயப்படாதே, நேராக ஆஸ்பத்திரிக்கு வா என்று. கூட வந்த டீச்சரை அழைத்துப் போக அவர் கணவர் காரில் வந்திருந்தார், அதில் ஏறிக்கொண்டேன். காளையார்கோவில் தாண்டும்வரை இவரோடு போனில் கத்திக்கொண்டே வந்தேன்.

"மில்லுல மோட்டார் புகைஞ்சா நாள் பாத்தா சுவிட்ச அமத்துவீக?" என்று கேட்டேன். "அப்பா சொல்றப்ப தட்ட முடியல. டாக்டரும் சரின்னுட்டாரு" என்றார்.

அறைக்குள் நுழைந்தபோது மாமனார் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்த முகமாக இருந்தார். "வா தாயி. வலி விட்டுருச்சு. நாலு மணியில இருந்து பிள்ள நிம்மதியாப் படுத்திருக்கு. அதுக்குள்ள நீ அவனப் போட்டு அந்த ஏச்சு ஏசிட்டே."

ஒரு கணம் எனக்கும் நிம்மதி வந்தது. பொய் சொல்லவில்லை. என் கோபம்கூட அசட்டுக் கோபமோ என்று தோன்றியது.

பிறகு இனியாவைத் தொட்டேன். நெருப்பாகக் கொதித்தது. உதடு வறண்டு வெடித்திருந்தது. மூச்சு மேலே மேலே வாங்கியது. வயிற்றில் கை வைத்தேன். பதிமூன்று வயது வரை அந்த வயிற்றைக் கிச்சுக்கிச்சு மூட்டியிருக்கிறேன். பஞ்சு மாதிரி இருக்கும். அன்றைக்குப் பலகை மாதிரி இருந்தது.

"அம்மா, திடீர்னு உள்ள ஏதோ விட்ட மாதிரி இருந்துச்சும்மா. அப்பறம் வலிக்கல" என்றாள்.

அந்த நேரம் பணியில் இருந்தது ஒரு சின்ன வயது டாக்டர். ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அந்த டாக்டர் பெண் இனியாவின் வயிற்றை அழுத்திப் பார்த்தது. முகம் மாறியது. "எப்பக்கா வலி நின்னுச்சு? ஏன் யாரும் கூப்பிடல?"

வலி கூடினால் கூப்பிடுங்கள் என்றுதானே சொல்லியிருந்தார்கள். குறைந்ததற்கு யார் கூப்பிடுவார்கள்? வீங்கிய குடல்வால் வெடிக்கும்போது அப்படித்தான் கொஞ்ச நேரம் வலி நிற்குமாம். அந்தக் கொஞ்ச நேரத்தில் சீழ் வயிறெல்லாம் பரவும். அதைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டில் நிம்மதிப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

சர்ஜன் வேறு ஊரில் வேறு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனில் இருந்தார். போனில் கிடைத்தபோது, இனி அங்கே வைக்க வேண்டாம், மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார். படித்த நீங்களாவது முடியாது என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"நான் முடியாதுன்னா வேற எடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க மேடம். நம்மகிட்ட இருந்தாலாவது மருந்து ஏறும்ல" என்றார்.

அது உண்மையாகவும் இருக்கலாம். அதனாலேயே அந்த மனிதர்மேல் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

மூன்றாம் பிறை

காரைக்குடியிலிருந்து மதுரை மேற்கே. திருப்பத்தூர் போகும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. ஆம்புலன்ஸில் நான் இனியாவின் தலைமாட்டில். அவள் அப்பா கால்மாட்டில். மாமனார் முன்னால் டிரைவர் பக்கத்தில்.

முன்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நேர் எதிரே, மரங்களுக்கு மேல், மெல்லிய பிறை.

அமாவாசை கழிந்து இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ஏப்ரலில் சூரியன் இருக்கும் இடத்துக்கு, ரிஷபத்தில் இருக்கும் நிலா அப்படித்தான் தெரியும். பிறையாக, மேற்கே, பொழுது விழுந்ததும் கொஞ்ச நேரம். வகுப்பில் நான் கரும்பலகையில் வரைவது.

மூன்றாம் பிறை கண்டால் நல்லது என்பார்கள். மாமனாரும் கண்டார். இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். காலையில் என் மகளின் வயிற்றைத் திறக்கவிடாத அதே நிலாவிடம், சாயங்காலம் அவளைக் காப்பாற்றச் சொல்லி வேண்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த நிலா மேல் இல்லை. நிலா என்ன செய்யும்? அது பாட்டுக்கு விழுந்துகொண்டிருக்கிறது. அதற்குத் துலாமும் தெரியாது, ரிஷபமும் தெரியாது, இனியா என்று ஒருத்தி கீழே மூச்சு வாங்குவதும் தெரியாது.

மதுரை போய்ச் சேர்ந்ததும் உள்ளே எடுத்துப் போனார்கள். வயிற்றைத் திறந்து கழுவி, பல நாள் ஐசியுவில் வைத்திருந்தார்கள். ஒரு சின்ன வடுவோடு போயிருக்க வேண்டியது, தொப்புளுக்கு மேலிருந்து கீழ்வரை ஒரு கோடானது. பிழைத்தாள். அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பில்லை. ஐசியு கதவு திறக்கும் சத்தம் மட்டும் இப்போதும் சமையலறையில் நிற்கும்போது கேட்கிறது.

சிங்கப்பூர்க் கடிகாரம்

இனியா ஐசியுவில் இருக்கும்போது மாமனார் ஒரு நாள் ஊருக்குப் போனார். பேத்தியின் ஆயுசு கேட்க ஜோதிடரிடம் போயிருக்கிறார். ஜோதிடர் ஜாதகத்தைப் புதிதாகப் போட்டுப் பார்ப்போம் என்று, பிள்ளை எங்கே பிறந்தது என்று கேட்டார். சிங்கப்பூர் என்றார் மாமனார். அப்படியானால் இந்த நேரம் எந்த ஊர் நேரம் என்று கேட்டார் ஜோதிடர்.

அப்போது நாங்கள் இருவரும் சிங்கப்பூரில் இருந்தோம். இனியா பிறந்தபோது அவள் அப்பா அங்கே பிரசவ அறைக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உடனே ஊருக்குப் போன் செய்தார். அந்த நேரத்தை மாமனார் அப்படியே ஜோதிடரிடம் சொன்னார். சிங்கப்பூர்க் கடிகாரம் நம் கடிகாரத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். அதை யாரும் கழிக்கவில்லை. பேத்தி பிறந்த சந்தோஷத்தில் யாருக்கும் தோன்றவில்லை. அவள் காரைக்குடியில் பிறந்தது போலவே ஜாதகம் எழுதிவிட்டார்கள்.

மாமனார் ஐசியு வாசலுக்கு வந்து என் முன்னால் நின்றார். கண் கலங்கியிருந்தது.

"தப்பு நடந்துபோச்சு தாயி. பிள்ள துலாமே இல்லையாம். கன்னியாம். அப்படின்னா அன்னைக்கு விடியும்போதே சந்திராஷ்டமம் முடிஞ்சுபோச்சு. அன்னைக்கே பண்ணிருக்கலாம்."

"டாக்டரும் அதத்தான் மாமா சொன்னாரு. காலையிலயே சொன்னாரு" என்றேன்.

அவர் காதில் அது விழுந்ததா தெரியவில்லை. அவர் வேறு ஒரு கணக்கில் இருந்தார். கன்னிக்கு முந்தின இரண்டு நாள்தான் சந்திராஷ்டமம், நிலா மேஷத்தில் இருந்தபோது. வலி ஆரம்பித்ததும் அந்த முந்தின நாள்தானே? "பாத்தியா தாயி, அதான் அசல்."

எல்லாம் பொருந்திவிட்டது அவருக்கு. வக்ரம் வக்ரந்தானே என்ற அதே குரல்.

நிலாவை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பக்கத்தில் ஒரு நட்சத்திரத்தைக் குறி வைத்துக்கொண்டு கவனித்தால், ஒரு மணி நேரத்தில் அது ஏறக்குறைய தன் அகலத்தளவு கிழக்கே நகர்ந்திருக்கும். இரண்டரை மணி நேரத்தில் இரண்டரை நிலா அகலம். கையை நீட்டிப் பிடித்தால் ஒரு விரலுக்குள் மறைந்துவிடும். அவ்வளவுதான் கன்னிக்கும் துலாமுக்கும் நடுவில் நடந்த தவறு.

ஊரில் கதை அப்படித்தான் பரவியது. ஜாதகத்தில் நேரத்தைத் தப்பாகப் போட்டதால் பிள்ளை சாகப் பிழைக்கக் கிடந்தது என்று. மானகிரியிலிருந்து பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு இதையும் கொண்டுவந்தார்கள். "இனிமே கவலையில்ல, சரியான ராசி தெரிஞ்சுபோச்சுல்ல" என்று ஒரு அம்மா என் தோளைத் தட்டினார்.

நான் அந்த அம்மாவை வெளியே போகச் சொன்னேன். என் பிள்ளைக்காக ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்த மனுஷி. இருந்தாலும் சொன்னேன். தப்பு ஜாதகத்தில் இல்லை என்று இந்த ஊரில் யாருக்காவது புரியவைக்க முடியுமா? ஜாதகம் சரியாக இருந்து, அவள் உண்மையிலேயே துலாமாக இருந்து, அந்தக் குடல்வால் வெடித்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? விதி என்றிருப்பார்கள். நல்லவேளை கடிகாரக் கணக்கு பிழையாகப் போனது. பழி போட ஒன்று கிடைத்தது.

மறுபடியும்

வீடு திரும்பி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. இனியாவுக்கு மறுபடி காய்ச்சல். மதுரை டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு, உள்ளே ஓரிடத்தில் சீழ் கட்டியிருக்கிறது, ஊசிக் குழாய் போட்டு இழுத்துவிடலாம், நாளைக் காலையே வந்து சேர்த்துவிடுங்கள் என்றார்.

மறுநாள் காலை மாமனார் தாளைக் கிழித்தார். வழக்கமாகச் சொல்லும் எச்சரிக்கை எதையும் சொல்லவில்லை. அவர் சொல்லாததே எனக்குச் சொல்லிவிட்டது. நிலா ஒரு சுற்று முடித்து மறுபடி மேஷத்துக்கு வந்திருந்தது. சந்திராஷ்டமம்: கன்னி.

துணிப்பையைக் காருக்குக் கொண்டுபோகும்போது வாசலில் நின்றார். "தாயி, நான் தப்பாச் சொல்லல. நாளைக்கு ஒரு நாளு..."

அவர் முடிக்கும் முன்பே என் வீட்டுக்காரர் கார் சாவியை எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போய்விட்டார். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

நான் மாமனாரிடம், "நீங்களும் வண்டியில ஏறுங்க மாமா. வந்து அவ பக்கத்துல நில்லுங்க" என்றேன். மரியாதைக்குக் கூப்பிடவில்லை. பார்க்கட்டும் என்றுதான் கூப்பிட்டேன். ஏறினார்.

ஆஸ்பத்திரியில் இனியாவைப் படுக்க வைத்து, நர்ஸ் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தது. முந்தைய ஊசிகளால் இரண்டு கையும் கன்றிப்போயிருந்தன. இனியா கையை இழுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். ஊசிக்குப் பயந்து இழுத்ததாகத்தான் நினைத்தேன்.

"ஐயா, உண்மையச் சொல்லுங்க" என்றாள். "இன்னைக்கு எனக்குச் சந்திராஷ்டமமா?"

நர்ஸ்கூட நிமிர்ந்து பார்த்தது. அது இல்லை கண்ணே, அதெல்லாம் கிடையாது என்று என்னால் சொல்லியிருக்க முடியும். நான் சொல்லி அவள் நம்பமாட்டாள். அவள் என்னைக் கேட்கவில்லை.

மாமனார் என்னைப் பார்த்தார். நான் உதவவில்லை. அவர் கை சட்டைப் பைக்குப் போனது. காலையில் கிழித்த தாள் அங்கேதான் மடித்து இருந்தது. எடுக்கவில்லை. கை அங்கேயே நின்றது.

"இல்லத்தா" என்றார். "இன்னைக்கு உனக்கு ஒண்ணுமில்ல. நல்ல நாளு."

"அப்பச் சரி" என்று இனியா கையை நர்ஸிடம் நீட்டினாள்.

அந்த வீட்டுக்கு நான் வந்த நாளிலிருந்து அவர் நாளைப் பற்றிப் பொய் சொல்லிக் கேட்டதில்லை. குரல் உடைந்துதான் வந்தது. பிறகு வெளியே போய் நடையில் நெடுநேரம் சுவரைப் பார்த்து நின்றார். என் வீட்டுக்காரர் அவர் பக்கத்தில் போய் நின்றார். நான் போகவில்லை.

அன்று சொன்ன அந்தப் பொய்யைப் பார்த்தாவது அவரை மன்னித்துவிட்டாயா என்று என் தோழி கேட்டாள். எப்படி மன்னிப்பேன்? அவரால் அது முடியும் என்று அன்றைக்குத்தானே எனக்குத் தெரிந்தது. இந்த ஒரு வார்த்தையை அந்த முதல் நாள் காலையில், மகன் போன் போட்டுக் கேட்டபோது, சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?